அரை அண்டா

உங்களில் நான்கு பேர் கேட்டரிங் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள் என்று என் மகள் சொன்னாள். நல்லது. மீதி ஆறு பேர் வேறு வேலை கிடைக்காமல் வந்தவர்கள் என்றும் சொன்னாள். அதுவும் நல்லதுதான், நானும் அப்படி வந்தவன்தான். எனக்கு எழுபத்தைந்து வயது. நான் ஆரம்பித்த இந்தச் சமையல் தொழில் இப்போது அவள் கையில் இருக்கிறது. தேனியில் அவளுடைய சமையல் கூடத்தில் எனக்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறாள். அதில் உட்கார்ந்துகொண்டு வருகிறவர் போகிறவர் எல்லாரையும் நான் வைகிறேன் என்று புகார். "சும்மா வையிறதுக்கு அதையே எழுதிக் குடுத்துருங்கப்பா, புதுசா வர்றவகளுக்குப் படிக்கக் குடுப்போம்" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

எத்தனை பேருக்கு எத்தனை கிலோ பருப்பு என்பதெல்லாம் இதில் வராது. அதை அவளே சொல்லித் தருவாள். என்னைவிட நன்றாகச் சொல்வாள், என்னைவிடச் சத்தமாகவும் சொல்வாள். நான் சொல்லப்போவது நான் கெடுத்த சாப்பாட்டைப் பற்றி. ஐம்பது வருடத்துக்கு மேல் சமைத்திருக்கிறேன். நன்றாக வந்த சாப்பாடு ஒன்றுகூட எனக்குத் தனியாக நினைவில்லை. கெட்டது மட்டும் அரிசி ரகம் உட்பட ஞாபகம் இருக்கிறது.

முதலில் கப்பல் கதை. நான் தேனி மாவட்டத்துக் கூடலூர்க்காரன். பதினெட்டு வயதில் கடற்படையில் சேர்ந்து பதினைந்து வருடம் இருந்தேன். எங்கள் பக்கம் இதைச் சொன்னால் போதும், "சண்டையில எத்தனை பேரச் சுட்டீக?" என்று கேட்பார்கள். "யாரையும் சுடல. உருளைக்கிழங்கு உரிச்சேன்" என்பேன். சிரிப்பார்கள், ஆனால் நம்பமாட்டார்கள். நான் அடக்கமாகப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டு டீ வாங்கிக் கொடுப்பார்கள். அந்த டீயை நான் ஒருநாளும் வேண்டாம் என்றதில்லை.

உண்மை அதுதான். ஆள் எடுக்கும் முகாமில் "சமைக்கத் தெரியுமா?" என்று கேட்டார்கள். "தெரியும்" என்றேன். எனக்குத் தெரிந்தது கேப்பைக் கூழும் கஞ்சியும்தான். அவர்கள் அதற்கு மேல் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டு வருடம் கரையில் இருந்த சமையல் கூடத்தில் வேலை. எழுபத்தொன்றாம் வருடப் போர் தொடங்கப்போகிறது என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் என்னை ஒரு கப்பலில் ஏற்றிவிட்டார்கள். அதுவரை நான் நங்கூரம் போட்ட கப்பலில்தான் ஏறி இறங்கியிருந்தேன். ஓடுகிற கப்பலில் முதல் மூன்று நாள் நான் சமைத்ததைவிட வாந்தி எடுத்ததுதான் அதிகம்.

அந்தச் சமையலறைக்குத் தலைவர் ஒரு மலையாளி. பெரிய மீசை, குட்டையான ஆள், கையில் எப்போதும் ஒரு நீளக் கரண்டி. எனக்கு மலையாளம் புரியும் என்று தெரிந்த நாளிலிருந்து என்னை மலையாளத்திலேயே திட்டினார். மற்றவர்களை அவர் இந்தியில் திட்டியபோது அவர்களுக்குப் பாதிதான் வலித்தது. எனக்கு முழுதாக வலித்தது. கேரள எல்லையில், குமுளிக்குப் பக்கத்தில் பிறந்ததற்கு அன்றுதான் முதல்முறை வருத்தப்பட்டேன்.

அவர் முதல் நாள் சொன்னது ஒன்றே ஒன்று. எந்தப் பாத்திரத்தையும் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தால் நிறைந்த பாத்திரம் கொதிக்கக் கொதிக்க நம் மேல் கொட்டும். பாதிக்கு மேல் ஒரு விரல் ஏறினாலும் கரண்டியால் மணிக்கட்டில் ஒரு தட்டு விழும். பத்து நாளில் என் கண்ணுக்குப் பாதி அண்டாதான் முழு அண்டா என்று ஆகிவிட்டது.

அந்தச் சமையலறையில் இரண்டு குழாய் உண்டு. நீல வளையம் போட்டதில் நல்ல தண்ணீர் வரும். பச்சை வளையம் போட்டதில் கடல் தண்ணீர் வரும். கடல் தண்ணீர் தரை கழுவ, பாத்திரம் முதல் தடவை அலச. நல்ல தண்ணீருக்கு ரேஷன். காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம் திறந்துவிடுவார்கள், மற்ற நேரம் நீலக் குழாயைத் திருகினால் காற்றுதான் வரும். போர் தொடங்கியதும் அதையும் குறைத்துவிட்டார்கள்.

ஒருநாள் காலை. கடல் கொஞ்சம் மோசமாக இருந்தது. மதியச் சோற்றுக்கு உலை வைக்க வேண்டியது என் வேலை. தலை சுற்றிக்கொண்டிருந்தது. குழாயைத் திருகினேன், தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. 'பரவாயில்லையே, இன்றைக்கு நேரத்தோடு திறந்துவிட்டார்களே' என்று சந்தோஷப்பட்டேன். நான்கு பாத்திரத்திலும் அளவாகப் பாதி பிடித்து, அரிசியைப் போட்டு, மூடியும் போட்டுவிட்டேன். நான் முல்லைப் பெரியாற்று வாய்க்காலில் குடித்து வளர்ந்தவன். ஓடுகிற தண்ணீர் குடிக்கிற தண்ணீர்தான் என்று என் உடம்புக்கே ஒரு நம்பிக்கை இருந்தது. வேறு ஊர்க்காரனாக இருந்தால் வளையத்தின் நிறத்தைப் பார்த்திருப்பான்.

வெந்ததா என்று பார்க்க ஒரு சோற்றை எடுத்து வாயில் போட்டேன். ஒரே உப்பு. நான் திருகியது பச்சை வளையக் குழாயை. கப்பலில் இருநூறு பேருக்கு மேல் இருந்தார்கள். அன்று மாலைக்குள் ஏதோ நடக்கப்போகிறது என்று எல்லாருக்கும் தெரியும். விடியலில் ஆளுக்கு இரண்டு பிஸ்கட்டும் டீயும்தான் கொடுத்திருந்தோம். சங்கு ஊதிவிட்டால் அடுப்பை அணைத்துவிட வேண்டும், அவரவர் இடத்துக்கு ஓடிவிட வேண்டும். அதற்குப் பிறகு எப்போது சாப்பாடு என்பது யாருக்கும் தெரியாது. அவர்கள் பீரங்கிக்குப் பக்கத்தில் பசியோடு நிற்பார்கள், அதற்குக் காரணம் நான்.

என் புத்தி எங்கே போனது தெரியுமா? பருப்பில் உப்புப் போடாமல் கலந்துவிட்டால் தெரியாது என்று போனது. ஒரு கிண்ணத்தில் கலந்து பார்த்தேன். தெரிந்தது. இன்னும் கொஞ்சம் பருப்பு ஊற்றினேன். அப்போதும் தெரிந்தது. மூன்றாவது தடவை ஊற்றும்போது பின்னால் மீசைக்காரர் நின்றுகொண்டிருந்தார். என் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி ஒரு வாய் போட்டார். துப்பினார். நான் அடிக்குத் தயாராகக் கையை நீட்டினேன். அவர் அடிக்கவில்லை.

"எத்தற நேரமாயி?" என்றார். எவ்வளவு நேரமாயிற்று என்று கேட்கிறார்.

"கால் மணி."

"கால் மணி நேரம் நீ இதைக் கையில் வச்சுக்கிட்டு நின்னோ?" அவருக்குக் கோபம் உப்பின் மேல் இல்லை, அந்தக் கால் மணி நேரத்தின் மேல். "நீ தன்னே போய்ப் பற."

நீயே போய்ச் சொல். அவ்வளவுதான். யாரிடம் சொல்வது என்றால், கேப்டனுக்கு அடுத்த அதிகாரியிடம். தண்ணீர் ரேஷன் அவர் கையில். அவர் மேலே, கப்பல் ஓட்டுகிற இடத்தில் இருந்தார். நான் அதுவரை அந்த ஏணிப்படியில் கால் வைத்ததே இல்லை. ஏறும்போது என் கையில் கரண்டி இருந்ததைப் பாதி வழியில்தான் பார்த்தேன். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதோடேயே போய் நின்று சல்யூட் அடித்தேன். கரண்டியோடு சல்யூட் அடித்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

விஷயத்தைச் சொன்னேன். என் இந்தி அரைகுறை. அவர் பேசியதையும் நான் பேசியதையும் தமிழிலேயே தருகிறேன்.

"சாப்பாடு எத்தனை மணிக்கு வரும்?" என்றார்.

"தப்பு என்னுடையதுதான் சார்."

"அதைக் கேட்கவில்லை. எத்தனை மணிக்கு?"

"நான் புதிதாக வந்தவன் சார். எங்கள் ஊரில்..."

"உன் ஊரைப் பற்றி நான் கேட்கவில்லை. கீழே போ. எத்தனை நிமிடம், எவ்வளவு தண்ணீர், இரண்டையும் கேட்டுக்கொண்டு வா. அழுவதாக இருந்தால் அதற்கு அப்புறம் அழு."

ஓடினேன். கீழே மீசைக்காரர் அதற்குள் உப்புச் சோற்றைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, வேறு பாத்திரத்தில் பருப்பும் அரிசியும் கிழங்கும் எடுத்து வைத்திருந்தார். தண்ணீர் மட்டும்தான் இல்லை. "நாப்பது மினிட்டு. ரெண்டு டிரம்" என்று என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். மறுபடியும் ஏணி. மேலே போய்ச் சொன்னேன். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம், அதிகாரிகள் குளிக்க, முகம் மழிக்க வைத்திருக்கும் தண்ணீரை இரண்டு நாளைக்கு நிறுத்திவிட்டு அதைச் சமையலறைக்குத் திறந்துவிடச் சொன்னார். என்னைப் பார்த்து, "முப்பத்தொன்பது நிமிடம்" என்றார்.

கிச்சடி செய்தோம். வாளியில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு இடமாகப் போய்க் கையிலும் குவளையிலும் போட்டோம். கடைசி ஆள் வாயில் வைத்துக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, சங்கு ஊதியது. என் வேலை கீழே ஒரு நடைபாதையில் நின்று குண்டுகளைக் கை மாற்றிக் கொடுப்பது. எதிரியை நான் பார்க்கவே இல்லை. மேலே சத்தம் கேட்டது, கப்பல் அதிர்ந்தது, பக்கத்தில் நின்றவன் ஏப்பம் விட்டான். அந்த ஏப்பத்தைக் கேட்டபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவன் நான் பயந்துவிட்டேன் என்று நினைத்து முதுகில் தட்டிக் கொடுத்தான். பயமும் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

எல்லாரும் முழுசாகத் திரும்பினோம். நானே போய்ச் சொன்னதால் தண்டனை தப்பியது என்று நினைத்துவிடாதீர்கள். பதினான்கு நாள் மொத்தக் கப்பலின் பாத்திரத்தையும் நான் ஒருவனே தேய்த்தேன். இரண்டு நாள் தாடியோடு திரிந்த அதிகாரிகள் என்னைக் கடக்கும்போதெல்லாம் கன்னத்தைத் தடவிக் காட்டிவிட்டுப் போனார்கள். ஆனால் ஒரு விஷயம் என் மண்டையில் ஏறிவிட்டது. கெட்ட சேதியைச் சொல்லப் போகிறவன் கையை வீசிக்கொண்டு போகக் கூடாது. எத்தனை நிமிடத்தில் சரியாகும் என்பதையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். கேட்கிறவர் அதை வைத்துத்தான் அடுத்த காரியத்தை முடிவு செய்ய முடியும். நம் அழுகையை வைத்து அவர் என்ன செய்வார்?

அதற்குப் பிறகு கப்பலில் நான் பெரிய தப்பு எதுவும் செய்யவில்லை. கரைக்கு வந்துதான் செய்தேன்.

பதினைந்து வருடம் முடிந்து ஊருக்கு வந்தபோது, படையில் இருந்து வந்தவர்கள் எல்லாரும் போகிற மாதிரி பேங்க் வாசலில் துப்பாக்கியோடு நிற்கச் சொன்னார்கள். போர்க்காலத்திலேயே துப்பாக்கி பிடிக்காதவன் சமாதான காலத்தில் பிடிப்பதா? சமையலை எடுத்துக்கொண்டேன். சின்னச் சின்ன விசேஷம். காதுகுத்து, வளைகாப்பு, ஐம்பது பேர், எண்பது பேர். முதல் பெரிய கல்யாணம் எங்கள் கூடலூரிலேயே வந்தது. அறுநூறு பேர்.

பெண்ணின் அப்பா ஏலத் தோட்டம் வைத்திருந்தவர். தோட்ட வேலைக்கு ஆட்களை மலைக்கு ஏற்றிப் போகும் ஜீப்புகளும் அவருக்கு இருந்தன. ஊரில் ஜீப்புக்காரர் என்றால் அவர்தான். பெண் பெயர் செல்வி. மாப்பிள்ளை வீடு கோம்பை. கோம்பை நாய் கவ்வினால் விடாது, அந்த ஊர்க்காரர்களும் பந்தியில் குறை கண்டுவிட்டால் விடமாட்டார்கள் என்று எங்கள் பக்கம் கேலி பேசுவோம். என்னை ஏற்பாடு செய்யும்போதே ஜீப்புக்காரர் சொன்னார்: "கப்பக்காரரே, சோத்துல ஒரு கொற வந்துச்சுன்னா அவுக என் மகளத்தான் கேப்பாக. அவ காலத்துக்கும் கேக்கணும்." நான் மீசையை முறுக்கிக்கொண்டு, "கப்பலையே பசியாத்துனவன் நான்" என்றேன். இதையெல்லாம் எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

அறுநூறு பேருக்கு எத்தனை மூட்டை அரிசி என்று சரியாகக் கணக்குப் போட்டேன். எத்தனை அண்டா, எத்தனை உலை என்றும் சரியாகப் போட்டேன். தாளில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் காலையில் அடுப்பு எரிந்து உலை கொதித்து அரிசி போடும்போது, தாளைப் பார்த்துப் போடவில்லை, கண் அளவில் போட்டேன். அண்டாவில் பாதி ஏறியதும் "போதும்" என்றேன். நான்கு அண்டாவிலும் அதே மாதிரி. இரண்டாவது உலையிலும் அதே மாதிரி. சாம்பாரும் அப்படித்தான். தரை ஆடவில்லை, கூடலூர் எங்கேயும் சாயப்போவதில்லை. கப்பலில் பழகிய கை அதைக் கேட்கவில்லை.

என்னோடு ராக்கம்மா என்று ஒரு அக்கா வேலை பார்த்தாள். எனக்கு ஐந்தாறு வயது மூத்தவள். எங்கள் பக்கத்தில் எத்தனையோ கல்யாணத்துக்கு வடித்த கை. அன்று ரசமும் மோரும் அவள் பொறுப்பு. இரண்டாம் பந்தி பாதி நடந்துகொண்டிருக்கும்போது வந்து நின்றாள்.

"அண்ணே, கரண்டி அடியத் தட்டுது."

என்னைவிட மூத்தவள், ஆனாலும் கப்பல்காரர் என்று மரியாதையாக அண்ணே என்பாள்.

"எத்தன அண்டா மிச்சம்?"

"அண்டா ஏது? முடிஞ்சது. அங்கன உள்ள மூட்டை பிரிக்காமக் கெடக்கு. பாதி அரிசி அப்படியே இருக்கு."

"பாதி அண்டாதான் போடுறேன்னு தெரியுமா ஒனக்கு?"

"தெரியுமே. காலையிலயே பாத்தேன்."

"பாத்துட்டு ஏன் சொல்லல?"

"கப்பக்காரக கணக்கு வேற மாதிரி இருக்கும்னு நெனச்சேன். நீங்கதான் வாயத் தொறந்தாலே கப்பல் கப்பல்னு சொல்லுவீகளே."

அவள் கேட்காமல் இருந்தது அவள் தப்பு என்று அப்போது நினைத்தேன். பிறகு யோசித்தால், ஒருத்தி காலையில் பார்த்ததை மதியம் வரை வாயில் வைத்துக்கொண்டு இருக்கும்படி நான் நின்றிருக்கிறேன். புதிதாக வந்திருக்கிற நீங்கள் இதை மட்டும் மனதில் வையுங்கள். என் மகள் எவ்வளவு சத்தம் போட்டாலும், பாத்திரத்தில் ஏதோ சரியில்லை என்று பட்டால் கேளுங்கள். திட்டுவாள். பரவாயில்லை, திட்டு வாங்கிக்கொண்டு கேளுங்கள்.

கணக்கைப் பார்த்தேன். இன்னும் இரண்டு பந்திக்கு ஆள் இருந்தது. அதில் மூன்றாவது பந்திதான் மாப்பிள்ளை ஊர்க்காரர்கள். நான்கு ஜீப்பில் வந்து இறங்கி, கை கழுவிவிட்டு நிற்கிறார்கள். "நாலு அண்டாவையும் கழுவி ஒலை வையி" என்று ராக்கம்மாவிடம் சொன்னேன். "எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டேன். அவள் அடுப்பைப் பார்த்தாள், விறகைப் பார்த்தாள். "முக்கா மணி" என்றாள்.

நம் தொழிலில் இந்த நேரத்துக்கு என்று ஒரு பொய் தயாராக இருக்கிறது. இன்னும் ஒரு வாரத்தில் நீங்களும் கற்றுக்கொள்வீர்கள், யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. "நீங்க சொன்ன ஆளுக்கு மேல வந்துட்டாகய்யா" என்பதுதான் அது. கல்யாண வீட்டில் தலை எண்ணிப் பார்க்க யாருக்கு நேரம்? அவர் நம்பிவிடுவார். தன் கணக்குதான் தப்பு என்று அவரே தலையில் அடித்துக்கொள்வார். சமையல்காரன் பேர் கெடாது. என் முதல் பெரிய கல்யாணம். அந்தப் பொய் என் நாக்கு நுனி வரை வந்தது. பந்தல் வாசலுக்கு நடந்த அந்த முப்பது அடியும் அதை வாயில் வைத்துக்கொண்டேதான் நடந்தேன். வாசலில் ஜீப்புக்காரர் கும்பிட்ட கையை இறக்காமல் நின்றுகொண்டிருந்தார். புது வேட்டி. முகமெல்லாம் சிரிப்பு. அந்த முகத்தைப் பார்த்து அந்தப் பொய்யைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அய்யா, சோறு தீந்துருச்சு. அரிசி இருக்கு, நான்தான் பாதி வடிச்சுட்டேன். என் தப்பு. ஒலை வச்சாச்சு. முக்கா மணி நேரத்துல மூணாம் பந்தி போடலாம்."

கும்பிட்ட கை அப்படியே என் தோள் துண்டைப் பிடித்தது. "ஏலே, வெளங்குவியாடா நீ? இப்ப வந்து சொல்ற?" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. முகத்தில் மட்டும் சிரிப்பு மாறவில்லை, எதிரில் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். "முக்கா மணியா?"

"முக்கா மணி."

துண்டை விட்டார். மாப்பிள்ளையின் தாய்மாமா நின்ற இடத்துக்குப் போய் ஏதோ சொன்னார். அந்த மாமா திரும்பிப் பந்தல் முழுக்கக் கேட்கும்படி, "பொண்ணு வீட்டுல சோறு இல்லையாம்ப்பா! வாங்க, கோம்பையில போயிச் சாப்புடுவோம்!" என்றார். நான்கைந்து பேர் சிரித்தார்கள். இரண்டு பேர் ஜீப் பக்கம் நடக்கவே ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு ஜீப் பசியோடு கோம்பைக்குப் போய்ச் சேர்ந்தால் போதும், அந்தப் பெண் அடுப்பில் ஒவ்வொரு நாள் உலை வைக்கும்போதும் அந்தப் பேச்சு வரும். ஜீப்புக்காரர் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னை அந்த மண்ணிலேயே புதைத்துவிட்டால் தேவலை என்று இருந்தது.

அப்போது ஒரு சின்னப் பெண் வந்து, "ஒங்கள கல்யாணப் பொண்ணு கூப்புடுது" என்றாள். போனேன். செல்வி மாலையோடு உள் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அழுதிருப்பாள் என்று நினைத்தேன். அழவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நெசமா முக்கா மணிதானா, மாமா? இல்ல, வாய்க்கு வந்ததச் சொன்னீகளா?"

"நெசம் ஆத்தா. அடுப்பப் பாத்துட்டுத்தான் சொன்னேன். இப்ப நாப்பது நிமிஷந்தான்."

"அப்பச் சரி" என்றாள்.

மணமேடைக்குப் போய் மாப்பிள்ளையை எழுப்பினாள். இரண்டு பேரும் மாலையோடு வந்து, மூன்றாம் பந்திக்கு விரித்திருந்த பாயில், காலி இலைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். பந்தலில் சத்தம் அடங்கியது. "எங்களுக்கும் காலையில இருந்து பசிதான். சோறு வெந்துக்கிட்டு இருக்கு. ஒங்க எல்லாரோடயும் சேந்து சாப்புடலாம்னு உக்காந்துட்டோம். நீங்களும் வாங்க மாமா" என்று அந்தத் தாய்மாமாவைப் பார்த்தே சொன்னாள். மாப்பிள்ளை நல்ல பையன். ஒன்றும் புரியாமல் சிரித்துக்கொண்டு பக்கத்து இலையைத் தட்டிக் காட்டினான். மணமக்களே காலி இலையில் காத்திருக்கும்போது எவர் ஜீப்பில் ஏறுவார்? ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். மாமா கடைசியாக உட்கார்ந்தார்.

நான் அடுப்படிக்கு ஓடினேன். உலை கொதித்துவிட்டது. அரிசியைப் போடப் போனேன், பாதிக்கு வந்ததும் கை தானாக நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், தெரிந்தும் நின்றது. ராக்கம்மா என்னை இடுப்பால் ஒரு இடி இடித்துத் தள்ளினாள். "தள்ளுங்கண்ணே அங்கிட்டு. இது தரை. ஆடாது" என்று சொல்லிவிட்டு, மூட்டையிலிருந்து தன் கையாலேயே அளந்து விளிம்பு வரை போட்டாள். சொன்ன நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்னால் சோறு பந்திக்குப் போனது. சாம்பார் கொஞ்சம்தான் இருந்தது, அதை மணமக்கள் வரிசைக்கு விட்டோம். ரசமும் மோரும் தாராளமாக இருந்தது, அது ராக்கம்மா வைத்தது. மாமா மூன்று தடவை சோறு வாங்கினார். எழுந்திருக்கும்போது, "ரசம் பரவாயில்ல" என்றார். அன்று எனக்கு அதுவே பெரிதாக இருந்தது.

உண்மையைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் உங்களுக்குச் சொல்லமாட்டேன். ஜீப்புக்காரர் அதற்குப் பிறகு மூன்று வருடம் என்னோடு பேசவில்லை. கடைவீதியில் என்னைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவார். அவருடைய ஜீப் ஓட்டுநர்கள் எனக்கு 'அரை அண்டா' என்று பேர் வைத்துவிட்டார்கள். "அந்தா, அரை அண்டா வர்றாரு" என்று ஜீப் நிற்கிற இடத்தில் குரல் கேட்கும். நானும் சிரித்துவிட்டுப் போவேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் புலம்புவேன். "பேரு வச்சா வச்சுட்டுப் போறாக. பாதின்னாலும் வெந்த சோறுதானே?" என்பாள். அவள் ஆறுதல் சொல்லும் அழகு அப்படி. ஆனால் அவர் பேசாதது எனக்கு உள்ளுக்குள் உறுத்திக்கொண்டேதான் இருந்தது. செல்வி கோம்பையில் நன்றாக இருக்கிறாள் என்று கேள்விப்படும்போது மட்டும் கொஞ்சம் லேசாக இருக்கும்.

மூன்று வருடம் கழித்து ஒருநாள் காலையில் என் வீட்டு வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. அவரேதான். இறங்கவில்லை. உட்கார்ந்தபடியே, "தையில ரெண்டாவது மகளுக்குக் கல்யாணம். எழுநூறு பேரு. வர்றீகளா?" என்றார்.

"என்னையா கூப்புடுறீக?" என்றேன்.

"இங்கன வேற யாரு நிக்கிறா?" என்றார். பிறகு ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே பேசினார். "எங்க வீட்டு விசேஷத்துல சோறு கொறையிறது அன்னைக்கு மொதத் தடவ இல்ல. என் தங்கச்சி கல்யாணத்துல கொறஞ்சுச்சு. என் மூத்தவன் காதுகுத்துல கொறஞ்சுச்சு. எல்லாச் சமையக்காரகளும் 'நீங்க சொன்ன ஆளுக்கு மேல வந்துட்டாக'ன்னு என் தலையிலயே கட்டுனாக. நானும் நம்பி ஒவ்வொரு தடவையும் எங்க ஆளுகளையே வஞ்சேன். ஒன்னய மாதிரி வந்து, நான்தான் பாதி வடிச்சேன், முக்கா மணியில போடுறேன்னு சொன்னவன் எவனும் இல்ல. அந்த முக்கா மணியப் பிடிச்சுக்கிட்டுத்தான் என் மக போயி உக்காந்தா." வண்டிச் சாவியைத் திருகினார். "இது தெரியிறதுக்கு எனக்கு மூணு வருசமாச்சு. ஆனா ஒண்ணு. அண்டா நெறைய இருக்கணும். நானே வந்து எட்டிப் பாப்பேன்."

வந்தார். கல்யாணத்தன்று காலையில், மாப்பிள்ளை அழைப்பைக்கூட அப்படியே விட்டுவிட்டு, புது வேட்டி கரியாகும் என்றும் பார்க்காமல் ஒவ்வொரு அண்டாவாக எட்டிப் பார்த்தார். ஒன்றில் விரலை வைத்து அளந்தார். "இன்னும் ஒரு படி போடு" என்றார். போட்டோம். "இதுலயும்" என்றார். அதிலும் போட்டோம். ராக்கம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். கைக்குழந்தையோடு கோம்பையிலிருந்து வந்திருந்த செல்வி, "அப்பா, போதும், வாங்கப்பா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

நான்கு பந்தியும் முடிந்தது. எழுநூறு பேரும் சாப்பிட்டு, ஜீப் ஓட்டுநர்கள் சாப்பிட்டு, நாங்களும் சாப்பிட்டு, அப்புறமும் இரண்டு அண்டாச் சோறு விளிம்பு வரை அப்படியே மிச்சம் இருந்தது. ஜீப்புக்காரர் வந்து பார்த்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இம்புட்டுச் சோத்த வீணாக்கியிருக்கியே, நீயெல்லாம் ஒரு சமையக்காரனாடா?" என்று எல்லார் முன்னாலும் கால் மணி நேரம் வைதார். நான் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றேன். அவ்வளவு சந்தோஷமாக நான் யாரிடமும் திட்டு வாங்கியதில்லை.